பட்டா முதலில், பி.எம். கிசான் பிறகு: இரண்டு வருடம் அலைந்து கற்ற வரிசை

அப்பா இறந்தது 2023 ஆடியில். நிலம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் உதவித்தொகையாக, அவர் கணக்கில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை விழுந்துகொண்டிருந்த இரண்டாயிரம் ரூபாய் அம்மா பெயருக்கு வந்து சேர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் வைத்துப் பிரதமர் 21-வது தவணையை விடுவித்தார். அன்று சாயங்காலம்தான் அம்மாவின் போனில் வங்கியிலிருந்து முதல் குறுஞ்செய்தி வந்தது.

இந்த இரண்டு வருடத்தில் பாதிக்கு மேல் என் தப்பால் போனது. எல்லோரையும் போல நானும் முதலில் கம்ப்யூட்டர் சென்டரில் போய்ப் "பதிவு" பண்ணினேன். நிராகரித்தார்கள். ஆதாரைத் திருத்தி மறுபடி பதிவு, மறுபடி நிராகரிப்பு. கடைசியில் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஓர் உதவி வேளாண்மை அலுவலர் என் காகிதங்களை மேசை மேல் வரிசையாகப் பரப்பிவிட்டுக் கேட்டார்: "தம்பி, பட்டாவில ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, பாஸ்புக்கில ஒரு பேரு. இதுல உங்க அம்மா யாரு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தயார் பண்ணுவதுதான் மொத்த வேலையும். பதிவு என்பது கடைசி அரை மணி நேரம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

எங்களுடையது தர்மபுரி மாவட்டத்தில் மூன்றரை ஏக்கர் மானாவாரி. கடலையும் ராகியும் போடுவோம், ஓரத்தில் துவரை. உங்கள் நிலம் நஞ்சையோ தோப்போ, காகித வேலை ஒன்றுதான்.

1. நடப்பதற்கு முன் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

வருடத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. ஏப்ரல்–ஜூலை, ஆகஸ்ட்–நவம்பர், டிசம்பர்–மார்ச் என்று காலம் பிரித்திருக்கிறார்கள். எத்தனை ஏக்கர் என்பது இப்போது கணக்கில்லை. இருபது சென்ட் வைத்திருப்பவருக்கும் இருபது ஏக்கர் வைத்திருப்பவருக்கும் அதே தொகை.

நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுபவருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. என்னைக் கேட்டால் இது பெரிய அநியாயம். எங்கள் ஊரில் வெயிலில் நிற்பவர்களில் பாதிப்பேர் குத்தகைக்காரர்கள். ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது, அலைந்து பிரயோசனமில்லை.

அடுத்தது பலர் விழும் குழி. 1.2.2019 என்ற தேதியை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு கிரயம் வாங்கிய நிலத்துக்குப் பணம் கிடையாது. அப்பா உயிரோடு இருக்கும்போதே தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த நிலத்துக்கும் கிடையாது. உரிமையாளர் இறந்து, வாரிசு என்ற முறையில் பெயர் மாறியிருந்தால் மட்டும்தான் அந்தத் தேதிக்குப் பிறகான மாற்றத்தை ஏற்கிறார்கள். என் சித்தப்பா 2021-இல் மொத்த நிலத்தையும் மகனுக்கு எழுதிவைத்தார். இப்போது நிலம் இல்லாததால் சித்தப்பாவுக்கும் பணம் இல்லை. தேதி இடிப்பதால் மகனுக்கும் இல்லை.

குடும்பம் என்றால் கணவன், மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள். இந்த மூன்று பேரும் சேர்ந்து ஒரு கணக்கு. புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரிலும் தனித்தனிப் பட்டா இருந்தாலும் ஒருவர்தான் வாங்கலாம். 2025-இல் இப்படி இரண்டு பேர் வாங்கிய குடும்பங்களைச் சலித்தெடுத்து, நேரில் சரிபார்க்கும்வரை பணத்தை நிறுத்திவைத்தார்கள். கல்யாணமாகித் தனிக் குடும்பமாக இருக்கும் மகனுக்குத் தன் பெயரில் நிலம் இருந்தால் அவர் தனிக் கணக்கு.

போன வருடம் வருமான வரி கட்டியவர்கள், அரசுப் பணியில் இருப்பவர்கள், அதிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், மாதம் பத்தாயிரமோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர்கள், பதிவுபெற்றுத் தொழில் செய்யும் டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆடிட்டர் இவர்களெல்லாம் விலக்கு. அரசு வேலையில் கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் இந்த விலக்கு பொருந்தாது. நான் திருப்பூரில் கம்பெனி வேலையில் இருந்தபோது வரி கட்டினேன். அதனால் எனக்கு இல்லை, அம்மாவுக்கு உண்டு. என் வரி அம்மாவைத் தடுக்காது, ஏனென்றால் நான் வயது வந்த மகன், வேறு குடும்பம்.

2. இறந்தவர் கணக்கில் வரும் பணத்தைத் தொடாதீர்கள்

அப்பா போன பிறகும் இரண்டு தவணை வந்தது. அம்மா ஏ.டி.எம். கார்டை என் தங்கை கையில் கொடுத்து எடுத்துவரச் சொல்லிவிட்டார். வீட்டில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, அப்பா பணம்தானே.

பின்னால் அதே நான்காயிரத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வந்தது. பி.எம். கிசான் இணையதளத்திலேயே பணத்தைத் திருப்பிச் செலுத்த ஓர் இடம் இருக்கிறது, கட்டியதற்கு ரசீது வரும். அதை அச்செடுத்து வையுங்கள். இறப்புச் சான்று கையில் வந்ததும் அதன் நகலுடன் வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுதிக் கொடுத்து, இறந்தவர் பெயரை நிறுத்தச் சொல்லுங்கள். மனுவின் இன்னொரு பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கணக்கு உயிரோடு இருக்கும்போது அதே நிலத்துக்குப் புதிய ஆள் பதிவு செய்தால் சிக்கும்.

3. பட்டா: இங்கேதான் காலம் போகும்

உட்கார்ந்து படியுங்கள், இது நீளம்.

முதலில் உங்கள் நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் கொடுத்தால் பட்டா-சிட்டா நகல் காசில்லாமல் வரும். அ-பதிவேடும் (கிராம நிலங்களின் விவரப் பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) அங்கேயே எடுக்கலாம். பத்திரம் உங்கள் பெயரில் இருப்பது வேறு, பட்டா உங்கள் பெயரில் இருப்பது வேறு. எங்கள் பக்கம் முப்பது வருடத்துக்கு முன் பத்திரம் பதிந்து, பட்டா இன்னும் விற்றவர் பெயரிலேயே இருக்கும் நிலங்கள் ஏராளம். சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வேலை முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். இந்தத் திட்டம் பார்ப்பது பட்டாவைத்தான்.

பட்டாவில் இருப்பவர் இறந்துவிட்டார் என்றால் வரிசை இது: இறப்புச் சான்று, அடுத்து வாரிசுச் சான்று, அடுத்து பட்டா மாறுதல்.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம், கட்டணம் 60 ரூபாய். இறப்புச் சான்று, எல்லா வாரிசுகளின் ஆதார், குடும்ப அட்டை, இறந்தவரின் முகவரிக்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஏறி வட்டாட்சியரிடம் போகும். வீட்டுக்கு வந்தோ ஊரில் நின்றோ விசாரிப்பார்கள். அப்போது வாரிசுகள் ஊரில் இருந்தால் வேலை ஒரே நாளில் நகரும். என் தம்பி ஓசூரில், தங்கை சேலத்தில். இரண்டு முறை விசாரணை தள்ளிப்போனதற்கு நாங்களே காரணம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "பொம்பளப் பிள்ளைங்க பேரு எதுக்கு, கட்டிக் கொடுத்தாச்சே" என்று சொல்லித் தங்கை பெயரை விடச் சொல்ல ஊரில் நான்கு பேர் வருவார்கள். விடாதீர்கள். தமிழ்நாட்டில் 1989-இலேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்துச் சட்டம் திருத்தியாகிவிட்டது. மகளை மறைத்து வாங்கிய வாரிசுச் சான்று பின்னால் எப்போது வேண்டுமானாலும் ரத்தாகலாம். அதோடு அதை வைத்து வாங்கிய பட்டாவும் ஆடும்.

வாரிசுச் சான்று வந்ததும் பட்டா மாறுதல். இதில் இரண்டு வகை. நிலத்தைப் பிரிக்காமல் பெயரை மட்டும் மாற்றுவது ஒன்று. நிலத்தை அளந்து, புல எண்ணை உடைத்து, ஆளுக்கொரு பட்டா வாங்குவது இன்னொன்று. இரண்டாவதை உட்பிரிவு என்பார்கள். அதற்கு நில அளவர் வந்து சங்கிலி போட வேண்டும். முதலாவதற்கு அளவை இல்லை, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையோடு முடியும்.

பி.எம். கிசானுக்காக மட்டும் என்றால் உட்பிரிவு வேண்டாம். எல்லா வாரிசுகள் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா போதும். கூட்டுப் பட்டாவில் பெயர் உள்ள ஒவ்வொரு குடும்பமும், மற்றத் தகுதிகள் இருந்தால், தனித்தனியே பதியலாம். இது தெரியாமல் பாகப்பிரிவினைப் பத்திரம் போடக் கிளம்பினேன். பாகப்பிரிவினைக்கு முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதற்கு மேல் பத்திரம் எழுதுபவர் கூலி. வருடம் ஆறாயிரம் வாங்குவதற்காக அந்தச் செலவு எதற்கு? குடும்பத்தில் பிரித்துக்கொள்ள வேண்டிய நாள் வரும்போது நிதானமாகச் செய்யுங்கள். அவசரத்தில் போட்ட பாகப்பிரிவினையில் எல்லை தப்பினால் அண்ணன் தம்பி பேச்சே நின்றுவிடும்.

பட்டா மாறுதல் விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் கொடுக்கலாம், அதற்கும் 60 ரூபாய்தான். வீட்டிலிருந்தே பட்டா மாறுதலுக்கான இணையதளத்திலும் போடலாம். ஆனால் காகிதங்களை ஸ்கேன் செய்து சரியான அளவில் ஏற்றத் தெரிந்தவர்கள் மட்டும் அதை முயலுங்கள். மங்கலான ஸ்கேனுக்காகவே ஒருமுறை என் விண்ணப்பம் திரும்பியது.

எவ்வளவு நாள் ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிரிக்காத மாறுதலுக்கு எனக்கு ஏழு வாரம். ஊரில் தேர்தல் வேலை, வெள்ள நிவாரணம், பொங்கல் தொகுப்பு என்று ஏதாவது நடந்தால் அதற்கு மேலும் இழுக்கும், ஏனென்றால் அத்தனைக்கும் அதே கிராம நிர்வாக அலுவலர்தான் ஓட வேண்டும். விண்ணப்ப எண்ணை வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை இணையத்தில் பாருங்கள். ஒரே மேசையில் ஒரு மாதம் நின்றால் மட்டும் நேரில் போங்கள். எங்கள் கிராம நிர்வாக அலுவலகத்தில் காலையில் கூட்டம் குறைவு, மதியத்துக்கு மேல் அலுவலர் களத்துக்குப் போய்விடுவார். உங்கள் ஊரில் எப்படி என்று கிராம உதவியாளரிடம் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சம்.

"கொஞ்சம் கவனிச்சா சீக்கிரம் முடியும்" என்று அலுவலக வாசலில் ஒருவர் என்னிடம் மூவாயிரம் கேட்டார். அவர் அலுவலகத்தைச் சேர்ந்தவரே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. கொடுக்கவில்லை, வேலை நடந்தது. அவரிடம் கொடுத்த பக்கத்து ஊர்க்காரருக்கும் ஏழு வாரம்தான் ஆனது.

இனிப் பெயர். பட்டா மாறுதல் விண்ணப்பத்தில் பெயரைத் தட்டச்சு செய்யும்போது பக்கத்தில் நின்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தாத்தா காலத்தில் கையால் எழுதிய பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது "முனுசாமி" முனிசாமியானார், "சின்னம்மாள்" சின்னம்மா ஆனார். பட்டாவில் "தந்தை/கணவர் பெயர்" என்று ஒரு கட்டம் உண்டு. பெண்களுக்கு அதில் அப்பா பெயரா, வீட்டுக்காரர் பெயரா என்பது ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். எங்கள் பட்டா முதல் முறை வந்தபோது அம்மாவுக்குக் கணவர் பெயர் என்ற இடத்தில் தாத்தா பெயர் இருந்தது. சிரிப்பு வரவில்லை. திருத்தத்துக்கு வட்டாட்சியருக்கு மனு, இன்னொரு ஐந்து வாரம்.

மனு எங்கும் நகரவில்லை என்றால் ஜமாபந்திக்கு, அதாவது வருடத்துக்கு ஒருமுறை கிராம நிலக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் நாட்களுக்கு, காத்திருங்கள். பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் ஒவ்வொரு வட்டத்திலும் நடக்கும். அன்று உங்கள் கிராமத்துப் பதிவேடுகள் எல்லாம் அதே இடத்தில் இருக்கும், கையெழுத்துப் போடுபவர்களும் அங்கேயே இருப்பார்கள். எங்கள் ஊரில் பத்து வருடம் கிடந்த பெயர்த் திருத்தம் ஒன்று ஜமாபந்தி நாளில் மதிய சாப்பாட்டுக்கு முன் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள், அல்லது 1100 என்ற முதலமைச்சரின் உதவி மையம். மனு எண்ணை வாங்காமல் எங்கிருந்தும் கிளம்பாதீர்கள்.

4. ஆதாரைப் பட்டாவோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்

பட்டாவை முடித்த பிறகே ஆதாரைத் தொடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். நான் பட்டா வரும் முன்பே அம்மா பெயரை ஒருமுறை மாற்றி, அந்த வாய்ப்பில் ஒன்றை வீணாக்கிவிட்டேன்.

பெயர், முகவரி, போன் எண் திருத்தத்துக்கு 2025 அக்டோபர் முதல் 75 ரூபாய். அதைவிட முக்கியம், ஆதாரோடு இணைந்த போன் எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்பது. நிறைய வீட்டில் அது வெளியூரில் இருக்கும் பேரனுடைய பழைய எண்ணாக இருக்கிறது. இனி வரும் ஒவ்வொரு படியிலும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். அம்மாவிடமே இருக்கும் சாதாரண பட்டன் போன் எண்ணை இணைத்துவிடுங்கள், ஓ.டி.பி.க்கு அது போதும்.

வயதானவர்களுக்குக் கைரேகை அழிந்திருக்கும். களை பறித்தே தேய்ந்த விரல்கள். அதற்குப் பயப்பட வேண்டாம், முகம் பார்த்துச் சரிபார்க்கும் வழியும் உண்டு. ஏழாவது படியில் சொல்கிறேன்.

5. பணம் எந்த வங்கிக்குப் போகும்?

பாஸ்புக் நகல் கொடுத்த கணக்குக்குத்தான் பணம் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. ஆதார் எண்ணோடு கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குப் போகும்.

அம்மாவுக்கு நூறு நாள் வேலைக்காக ஊர் வங்கியில் ஒரு கணக்கு இருந்தது. அதற்குப் பிறகு யாரோ வீடு தேடி வந்து விரல் வைக்கச் சொல்லி அஞ்சலக வங்கியில் இன்னொன்று ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு ஞாபகமே இல்லை. ஆதார் இணையதளத்தில் உள்ளே போனால் எந்த வங்கி இணைந்திருக்கிறது, அது செயலில் இருக்கிறதா என்று காட்டும். வேறு வங்கி வேண்டுமென்றால் அந்தக் கிளைக்கு ஆதார் நகலோடு போய், "அரசு மானியம் வருவதற்கு ஆதாரை இணைக்க வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள். வெறுமனே "ஆதார் சேர்க்கணும்" என்றால் கணக்கின் கே.ஒய்.சி.யில் (வாடிக்கையாளர் அடையாள விவரம்) மட்டும் சேர்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். இரண்டும் வேறு வேலை. ஒரு வாரம் கழித்து இணையதளத்தில் மறுபடி பாருங்கள்.

நீண்ட நாள் பயன்படுத்தாத கணக்கு முடங்கியிருக்கும். நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

6. தனித்துவ அடையாள எண்

2025-இல் புதிதாக வந்த படி. ஆதார் மாதிரி, விவசாயிக்கு ஓர் எண். நில விவரத்தோடு இணைந்திருக்கும். புதிதாக பி.எம். கிசானில் சேருபவர்களுக்கு இது கட்டாயம், மற்ற மானியங்களுக்கும் இதைத்தான் கேட்கப் போகிறார்கள். பதிவு இலவசம். வேளாண்மைத் துறை ஊரில் நடத்தும் முகாமிலோ பொது சேவை மையத்திலோ செய்யலாம்.

ஆதார், பட்டா, ஆதாரில் உள்ள போன் மூன்றையும் எடுத்துப் போங்கள். ஆளும் நேரில் போக வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணினியே பார்க்கிறது. பொருந்தவில்லை என்றால் ஆள் வைத்துச் சரிபார்க்க அனுப்பும், அங்கே தேங்கும். மூன்றாம் படியில் எழுத்தெழுத்தாகப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். பட்டா, ஆதார் இரண்டும் சரியாக இருந்ததால் எங்களுக்கு இந்த வேலை இருபது நிமிடம்.

உங்கள் நிலம் இரண்டு மூன்று பட்டாவில், வேறு வேறு கிராமத்தில் இருந்தால் எல்லாவற்றையும் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். முகாமில் அவசரத்தில் ஒன்றோடு விட்டுவிடுவார்கள்.

7. இப்போது பதிவு

வேண்டியவை: ஆதார், போன், பட்டா நகல், தனித்துவ அடையாள எண், வங்கிக் கணக்கு விவரம். வாரிசாக வருபவருக்குக் கூடவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இறந்தவரின் ஆதார் எண். நிலம் 1.2.2019-க்கு முன் கிடைத்ததா பின் கிடைத்ததா என்று படிவம் கேட்கும். பின் என்றால் காரணம் கேட்கும். உரிமையாளர் இறந்ததால் என்பதைத் தேர்ந்தெடுங்கள். என் முதல் விண்ணப்பத்தில் சென்டரில் இருந்த பையன் "சும்மா முன்னாடின்னே போடலாம் அண்ணா, சீக்கிரம் ஓகே ஆகிடும்" என்று போட்டுவிட்டான். பட்டா மாறிய தேதி பதிவேட்டில் இருக்கிறது, பொய் நிற்குமா? நிராகரிப்பு.

2020-இல் தகுதியில்லாத லட்சக்கணக்கான பேரைத் தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தில் சேர்த்து, நூறு கோடிக்கு மேல் பணம் போய், பிறகு திரும்ப வசூலித்தார்கள். அதற்குப் பிறகு இங்கே சரிபார்ப்பு கறார்தான். அலுவலரைக் கோபித்துப் பயனில்லை.

பதிந்ததும் பதிவு எண் வரும். அதை பட்டா நகலின் பின்பக்கம் எழுதி வையுங்கள், நிலை பார்க்க அதுதான் சாவி. தொலைத்துவிட்டால் போன் எண் அல்லது ஆதார் கொடுத்து இணையதளத்தில் மறுபடி எடுக்கலாம்.

இ-கே.ஒய்.சி., அதாவது ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்ப்பது, இல்லாமல் பணம் வராது. மூன்று வழி உண்டு. இணையதளத்தில் ஓ.டி.பி. மூலம் செய்யலாம், காசில்லை. பொது சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம், கட்டணம் 15 ரூபாய். அல்லது பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டலாம். அம்மாவுக்குக் கைரேகை நான்கு முறை விழவில்லை. வீட்டுத் திண்ணையில் வெளிச்சத்தில் உட்காரவைத்துச் செயலியில் முகம் காட்டினோம், ஒரே முறையில் முடிந்தது. செயலியைப் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் "பி.எம். கிசான் புதிய லிஸ்ட்" என்று வரும் கோப்பைத் திறந்து கணக்கைக் காலி பண்ணிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த நாளே விண்ணப்ப நகல், எல்லாச் சான்று நகல்களோடு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய் உங்கள் கிராமத்துக்கான உதவி வேளாண்மை அலுவலரைப் பாருங்கள். இணையத்தில் போட்டாயிற்று என்று வீட்டில் இருந்தால் அது பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். வட்டாரம் பார்த்து, மாவட்டம் பார்த்து, மாநிலம் ஒப்புதல் கொடுக்க எங்களுக்கு மூன்றரை மாதம் ஆனது.

8. வரவில்லை என்றால்

பதிவு எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்து நிலையைப் பாருங்கள். மூன்று வரிகள் முக்கியம். லேண்ட் சீடிங் (நில விவரம் உங்கள் பதிவோடு இணைந்திருப்பது), இ-கே.ஒய்.சி., ஆதார்–வங்கி இணைப்பு. மூன்றிலும் "எஸ்" இருக்க வேண்டும்.

லேண்ட் சீடிங் "நோ" என்றால் வேளாண்மை விரிவாக்க மையம், பட்டாவோடு. இ-கே.ஒய்.சி. "நோ" என்றால் ஏழாம் படி. வங்கி "நோ" என்றால் வங்கிக் கிளைக்குத்தான் போக வேண்டும், வேளாண்மை அலுவலகத்தில் அதற்கு மருந்து இல்லை. மூன்றும் "எஸ்" ஆகியும் வரவில்லை என்றால், தகுதி நிலையைக் காட்டும் பகுதியைப் பாருங்கள். நேரடிச் சரிபார்ப்புக்காக நிறுத்தியிருக்கலாம். தொலைபேசியில் கேட்க 155261. இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேச ஆரம்பித்தாலும் பொறுமையாகப் பதிவு எண்ணைச் சொல்லுங்கள்.

பதிவு செய்வதற்கு முந்தைய காலத்துக்குத் தவணை கேட்டு அலையாதீர்கள், கிடைக்காது. நாங்கள் இழந்தது அப்படித்தான் போனது. பதிவாகித் தகுதியும் இருந்து, இ-கே.ஒய்.சி. போன்ற குறையால் நின்ற தவணை என்றால், குறையைச் சரிசெய்த பிறகு சேர்ந்து வர வாய்ப்பு உண்டு.

செலவுக் கணக்கு

வாரிசுச் சான்று 60, பட்டா மாறுதல் 60, ஆதார் திருத்தம் 75, கைரேகைக்குப் போயிருந்தால் 15. முறையான கட்டணம் எல்லாம் சேர்த்து இருநூற்றுச் சொச்சம்தான். ஜெராக்ஸ், ஸ்கேன், போட்டோ என்று 400 ஆனது. அம்மாவுக்கு டவுன் பஸ்ஸில் காசில்லை, எனக்குத்தான் டிக்கெட். உண்மையான செலவு நாள் கூலி. பதினேழு முறை போய் வந்திருக்கிறேன். இந்த வரிசையில் போனால் ஏழெட்டு முறையில் முடியும்.

அந்தக் காகிதக் கட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, சொட்டுநீர் மானியம் எல்லாம் ஏறக்குறைய அதே கட்டைத்தான் கேட்கும். கூடுதலாகக் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் (எந்தப் புலத்தில் என்ன பயிர் என்ற சான்று) வேண்டும். அது அந்தப் பருவத்துக்கானது, பழையது செல்லாது. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயி என்றால் ஐந்து ஏக்கர் வரை நூறு சதவீதமும், மற்றவர்களுக்கு எழுபத்தைந்து சதவீதமும் மானியம். சிறு, குறு விவசாயி சான்றும் இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய்க்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் பட்டா சரியானதும் அதை வாங்கிவிட்டேன். இப்போது நில அளவரின் புலப்பட நகலும் கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவும் வரக் காத்திருக்கிறேன்.